குழாய்க்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பூச்சு: மீன் ஏலக்கூடத்தின் பொறியாளருக்குத் திறந்த மடல்

பொறியாளர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்தில் இருந்த மின்கசிவு "சரிசெய்யப்பட்டு, புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று உங்கள் அலுவலகத்திலிருந்து மீனவர் சங்கத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தை ஏற்க முடியாது. நீங்கள் சரிசெய்தது ஒரு சிவப்புக் கம்பியின் கீறலை மட்டும்தான். அந்தக் கீறல் வழியே கசிந்த மின்சாரம் எந்த எம்சிபியையும் (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழுந்து அணையும் சுவிட்ச்) விழவைக்காமல் நாள்கணக்கில் கம்பிகள் போகும் இரும்புக் குழாயிலும் ஐஸ் நொறுக்கும் இயந்திரத்திலும் ஏறி உட்கார்ந்திருந்தது. அதற்கு இடம் கொடுத்த குறை அப்படியே இருக்கிறது. நான் மின் கம்பியாளர் தகுதிச் சான்று பெற்றவன். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வயரிங் வேலை பார்த்துப் பிழைப்பவன். பெட்டிகளைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த இடைவெளியில், கூடத்தின் பழைய பிளாஸ்டிக் குழாய் வயரிங்கைப் பிடுங்கிவிட்டுத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் போட்டீர்கள். முடிவில் தவறில்லை. வெயிலில் வெளுத்து, மீன் பெட்டிகள் இடித்து, பிளாஸ்டிக் குழாய் அங்கங்கே வாய் பிளந்து கிடந்தது உண்மைதான். ஆனால் இரும்புக் குழாய் தன்னோடு ஒரு கடமையையும் கொண்டுவருகிறது. பிளாஸ்டிக் குழாய்க்குள் கம்பி கீறினால் மின்சாரம் கீறிய இடத்தோடு நிற்கும். இரும்புக் குழாய்க்குள் கீறினால், குழாய் போகும் தூரமெல்லாம் மின்சாரமும் போகும். அதனால்தான் குழாயை ஒவ்வொரு பெட்டியிலும் உலோகத்தோடு உலோகம் படும்படி இறுக்கி, டிபி பாக்ஸின் (மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) எர்த் பட்டையோடு, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் பட்டையோடு, சேர்க்க வேண்டும். அந்த வேலையை ஒப்பந்தக்காரர் செய்யவில்லை. செய்தாரா என்று பார்க்காமலே பணி நிறைவுக்குக் கையெழுத்தாகியிருக்கிறது.

முதலில் சொன்னவர்கள் மீன் விற்கும் பெண்கள். "தம்பி, தூணோரம் போகிற குழாய் சுர்ரென்று இழுக்கிறது, வந்து பார்" என்று ஓர் அக்கா சொன்னார். வேறொருவர் ஐஸ் அள்ளுவதற்காக இயந்திரத்தின் தகரத்தில் கை வைத்ததும் பின்னால் தூக்கி எறியப்பட்டார். கூடையிலிருந்த சூடை மீனும் காரல் மீனும் தரையெல்லாம் சிதறின. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல்களில் மரமரப்பு அடங்கப் பல நாள்கள் பிடித்தன. அதன் பிறகு அந்தக் குழாயைச் சுற்றிச் சாக்கைக் கட்டிவைத்தார்கள். நனைந்த சாக்கு எதற்கும் காப்பு ஆகாது என்று சொல்லி நான்தான் அவிழ்க்கச் சொன்னேன்.

சங்கத்தார் அழைத்ததன் பேரில், கூடத்தின் காவலாளியை உடன் வைத்துக்கொண்டுதான் சோதித்தேன். மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டை மட்டும் சொன்னால், "அது பக்கத்துக் கம்பியிலிருந்து தூண்டப்பட்ட பொய் வோல்ட்டேஜ்" என்று உங்கள் மேற்பார்வையாளர் தட்டிக்கழித்துவிடலாம். அப்படியும் நடப்பது உண்டு. ஆகவே 40 வாட் சோதனைப் பல்பை எடுத்தேன். ஒரு முனை குழாயில், மறுமுனை வெளியே எர்த் குழியிலிருந்து வரும் பட்டையில். பல்பு எரிந்தது. இந்தச் சோதனையைப் பழக்கமில்லாதவர்கள் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் உங்களுக்கு அது சொல்லும் சேதி தெரியும். குழாயில் மெய்யாகவே மின்சாரம் இருக்கிறது என்பது ஒன்று. அந்தக் குழாய்க்கும் எர்த் குழிக்கும் உறவே இல்லை என்பது மற்றொன்று. குழாயும் குழியும் சேர்ந்திருந்தால் பல்பு எரிய வழியில்லை.

பிறகு மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பெட்டிகளைத் திறந்தேன். நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். கம்பிகள் சேரும் ஜங்ஷன் பாக்ஸ்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் தடிமனான பவுடர் பூச்சு கொண்டவை. பூச்சைச் சுரண்டாமல் குழாயை நுழைத்து, வெளிப்பக்கம் மட்டும் குழாயைப் பெட்டியோடு இறுக்கும் லாக் நட் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். உள்பக்கம் நட்டும் இல்லை, குழாய் வாயில் கம்பி உரசாமல் காக்கும் புஷ்ஷும் இல்லை. வெளியே போட்ட நட்டின் பற்கள் பூச்சின் மேல் வட்டமாக வழுக்கிய தடம் தெரிந்தது. உலோகத்தைத் தொடவே இல்லை. வாசலுக்கு நேரே, கடற்காற்று அறையும் பெட்டியில், நட்டின் இடுக்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. போட்ட சில மாதங்களிலேயே துத்தநாகம் கரைந்த அடையாளம் அது. அந்தப் பெட்டிக்கும் அதிலிருந்து கிளம்பும் குழாய்க்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டர் வைத்தேன், இல்லை என்றது. காவலாளியின் கண் முன்னால் பிளேடால் நட்டு உட்காரும் வட்டத்தை மட்டும் சுரண்டி, உள்ளே இன்னொரு நட்டைப் போட்டு இறுக்கி, மீண்டும் மீட்டர் வைத்தேன். தடை ஒரு ஓமுக்கும் கீழே இறங்கியது. பூச்சைச் சுரண்டிய நேரமும் ஒரு நட்டின் விலையும்தான் செலவு.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியில்தான் கீறல். அரமிடாமல் அறுத்த குழாயின் வாய்ப்பிசிர், புஷ் இல்லாததால் சிவப்புக் கம்பியின் தோலை உரித்துச் செம்பு வரை போயிருந்தது. இயந்திரம் நடுங்கும்போதெல்லாம் கம்பியும் சேர்ந்து உரசியிருக்கும். இதை விடக் கொடுமை ஒன்று உண்டு. இயந்திரத்தின் உடம்பிலிருந்து பச்சைக் கம்பி ஒன்றை எடுத்து, டிபி பாக்ஸுக்குக் கொண்டுபோகாமல், பக்கத்திலிருந்த இதே குழாயில் சேடில் என்ற பிடிப்பைப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். குழாய்தான் எர்த் என்ற கணக்கில். குழாய் எதோடும் சேரவில்லை. ஆனால் குழாயில் ஏறிய மின்சாரம் அந்தப் பச்சைக் கம்பி வழியாகவே இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. காப்பாற்ற வேண்டிய கம்பியே ஷாக்கைக் கொண்டுவந்து கொடுத்தது. மரக்கட்டைகளின் மேல் நிற்கும் இயந்திரம் என்பதால் தரை வழியாகவும் வடியவில்லை.

அந்த மின்சுற்றை அணைத்து, "போடாதீர்கள்" என்று எழுதி ஒட்டிவிட்டுச் சங்கத்தின் மூலம் உங்களுக்கு எழுதினோம். உங்கள் தரப்பிலிருந்து ஆள் வந்தார். காகிதத்தைக் கிழித்தார், சிவப்புக் கம்பிக்கு டேப் சுற்றினார், சுவிட்சைப் போட்டார், போய்விட்டார். பின்னாலேயே புகாரை முடித்துவைத்த கடிதமும் வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான். கம்பி இன்னொரு இடத்தில் கீறும். புஷ் இல்லாத வாய்கள் அந்தக் கூடத்தில் நிறைய இருக்கின்றன. கீறினால் குழாயும் இயந்திரமும் மறுபடி அதே நிலைக்கு வரும்.

உங்கள் தரப்பு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

"விதிப்படி இரண்டு எர்த் குழிகள் அமைக்கப்பட்டுள்ளன" என்கிறீர்கள். அமைத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. குழியிலிருந்து பட்டை வந்து டிபி பாக்ஸோடு நின்றுவிடுகிறது. குழாய்க்கும் போகவில்லை, இயந்திரத்துக்கும் போகவில்லை. போயிருந்தாலும் குழி மட்டும் போதாது. நம் பகுதியில் நான் பார்க்கும் இணைப்புகளில் கம்பத்திலிருந்து தனி எர்த் கம்பி வருவதில்லை. நாம் தோண்டும் குழியும், மண்ணும், டிரான்ஸ்பார்மர் எர்த்தும்தான் மின்சாரம் திரும்பும் வழி. இவை எல்லாம் சேர்ந்து 10 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். இயந்திரத்துக்கு நீங்கள் வைத்திருப்பது 32 ஆம்பியர் எம்சிபி. 23 ஆம்பியரை அது சாதாரண லோடு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். சி வகை எம்சிபி உடனே விழ வேண்டுமானால் அதன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 160 முதல் 320 ஆம்பியர் வரை ஓட வேண்டும். இத்தகைய இணைப்பில் உயிரைக் காப்பது ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் சுற்றைத் துண்டிக்கும் கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்துவிடும். அந்தக் கூடத்தில் ஓர் ஆர்சிசிபிகூட இல்லை. ஆர்சிசிபி வைத்துவிட்டால் குழாயைச் சேர்க்க வேண்டாமா என்றால், அதுவும் தப்பு. குழாய் எர்த்தோடு சேர்ந்திருந்தால் கம்பி கீறிய நொடியிலேயே ஆர்சிசிபி விழும். சேராமல் இருந்தால், யாராவது கை வைக்கும் வரை அது காத்திருக்கும்.

"பயனாளிகள் ஈரக் கையால் மின்சாதனங்களைத் தொட வேண்டாம்" என்பது உங்கள் இரண்டாவது அறிவுரை. ஐயா, அது மீன் ஏலக்கூடம். தரையில் கடல்நீர், கூடையில் ஐஸ் தண்ணீர், கையில் மீன். உலர்ந்த கையோடு அங்கே நிற்பவர் ஏலம் கூறுபவர் ஒருவர்தான், அவர் கையிலும் நோட்டுப் புத்தகம் நனைந்திருக்கும். நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டுக்கு 230 மில்லி ஆம்பியர். ஆர்சிசிபி விழும் அளவைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும். ஈரம்தான் அந்த இடத்தின் இயல்பு என்று கணக்கில் கொண்டு வயரிங் போடுவதுதான் பொறியாளரின் வேலை. மக்களை உலர்ந்திருக்கச் சொல்வது அல்ல.

மூன்றாவது, கடிதத்தில் இல்லாதது, ஆனால் உங்கள் மேற்பார்வையாளர் நேரில் சொன்னது. "வெளிநாட்டிலெல்லாம் இரும்புக் குழாயே எர்த்தாக வேலை செய்கிறது, தனிக் கம்பி எதற்கு?" என்று கேட்டார். பாதி சரி. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு எஃகுக் குழாயை எர்த் பாதையாக ஏற்கிறது. ஆனால் அதே தொகுப்பின் 250ஆம் பிரிவு, இணைக்கும் இடத்தில் மின்சாரம் கடத்தாத பெயிண்ட்டையும் பூச்சையும் அகற்றச் சொல்கிறது. வளைய வளையமாகத் தட்டி எடுக்கும் துளைகளில், சில நிலைமைகளில், லாக் நட்டை மட்டும் நம்பாமல், குழாயையும் பெட்டியையும் நேரடியாக இணைக்கும் ஜம்பர் கம்பியும் போடச் சொல்கிறது. மண்ணை மட்டும் நம்பி, அதுவே பழுது மின்னோட்டம் திரும்பும் பாதை என்று இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த நாட்டு வழியைச் சொல்பவர் அந்த நாட்டு உழைப்பையும் காட்டியிருக்க வேண்டும்.

வெளிநாடு வரை போகவும் தேவையில்லை. உள்நாட்டுச் சட்டமே தெளிவாக இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 61ஆம் விதி, அதன் பிறகு மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்து, 2023இல் புதியவை வரும் வரை நடப்பில் இருந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் 41ஆம் பிரிவு, இரண்டும் ஒரே கடமையைச் சொன்னவை: மின்கம்பிகளைத் தாங்கும் உலோக உறைகள் எல்லாம் எர்த்தோடு இணைக்கப்பட வேண்டும், ஜங்ஷன் பாக்ஸ்களையும் மற்றத் திறப்புகளையும் கடந்து, முழு நீளத்துக்கும் இயந்திர வகையிலும் மின் வகையிலும் நல்ல இணைப்பு இருக்க வேண்டும். 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மோட்டாரின் உடம்புக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும் என்பதும் அங்கேயே இருந்தது. ஐஸ் நொறுக்கியின் மோட்டார் மும்முனை மோட்டார், அந்த அளவுக்கு மேல் ஓடுவது. அதற்கு இருப்பதோ, எதோடும் சேராத குழாயில் கட்டிய ஒரு பச்சைக் கம்பி.

இதற்கெல்லாம் மேலே, இது உப்புக் கரை. மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் காற்றும், பாக் நீரிணைப் பக்கம் வாடையும் மாறி மாறி உப்பைக் கொண்டுவந்து அப்பும். பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலம் துருவோடு போராடியே காலம் தள்ளி, 2022 டிசம்பரில் ரயிலுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தக் காற்று என்ன செய்யும் என்பதை அறிந்து செய்த வேலை அது. உங்கள் ஒப்பந்தக்காரரோ மதுரையில் ஒரு கடை மாடிக்குப் போடும் அதே நட்டையும் சேடிலையும் இங்கேயும் போட்டிருக்கிறார். எர்த் குழிப் பக்கம் செம்புக் கம்பியைத் துத்தநாகக் குழாயின் மேல் நேரடியாகச் சுற்றி முறுக்கியும் வைத்திருக்கிறார். உப்பு ஈரத்தில் செம்பும் துத்தநாகமும் ஒட்டியிருந்தால் துத்தநாகம்தான் முதலில் கரையும், பின்னாலேயே இரும்பு துருவேறி இணைப்பு தளரும். வெள்ளீயம் பூசிய செம்பு, துருப்பிடிக்காத போல்ட், கிளாம்ப்பின் மேல் பெட்ரோலியம் ஜெல்லி; எங்களைப் போன்ற ஊர் கம்பியாளர்கள் வீட்டு வயரிங்கிலேயே செய்வது. அரசுக் கட்டடத்தில் ஏன் இல்லை?

இனி நாங்கள் கேட்பது.

இன்றைக்கே ஐஸ் நொறுக்கியின் சுற்றை அணைத்துப் பூட்டுங்கள். வேலை முடியும் வரை ஐஸை நொறுக்க வேறு ஏற்பாடு செய்யுங்கள். முடியாதென்றால், ஆர்சிசிபி வைத்த தற்காலிக இணைப்பை, எர்த் கம்பியும் உள்ளடங்கிய ரப்பர் உறைக் கேபிளில், தரையில் படாமல் மேலே கட்டிக் கொடுங்கள். பழைய சுற்றில் டேப்பை நம்பி யாரும் சுவிட்ச் போடக் கூடாது.

குழாய் வேலை முழுவதையும் ஒப்பந்தக்காரரின் செலவிலேயே திருப்பிச் செய்ய வையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பூச்சைச் சுரண்டி, உள்ளும் புறமும் லாக் நட் இறுக்கி, குழாய் வாயை அரமிட்டு புஷ் போட வேண்டும். குழாயை மட்டும் நம்பாமல் குழாய்க்குள்ளேயே தனிப் பச்சைக் கம்பியை டிபி பாக்ஸின் எர்த் பட்டையிலிருந்து கடைசிப் பெட்டி வரை அறுபடாமல் கொண்டுபோய், ஒவ்வொரு பெட்டியின் உடம்போடும் லக் என்ற முனைத்தகட்டை வைத்து முடுக்க வேண்டும். டிபி பாக்ஸில் குழாய் நுழையும் இடத்துக்கும் எர்த் பட்டைக்கும் ஜம்பர் கம்பி வேண்டும். மோட்டாருக்கு இரண்டு எர்த், இரண்டும் பட்டையிலிருந்து நேராக. சாக்கெட்டுகளுக்கும் ஐஸ் நொறுக்கிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. சுரண்டிய இடங்களில் துருவேறாமல் இருக்க, இறுக்கிய பிறகு மேலே பூச்சு. குழாயின் தாழ்ந்த இடங்களில் வியர்வைத் தண்ணீர் வடிய ஒரு துளை.

வேலை முடிந்ததும் எங்கள் முன்னிலையில் அளந்து காட்டுங்கள்: குழாய்த் தொடர்ச்சி, 500 வோல்ட் மெகர் கருவியில் கம்பித் தோலின் காப்புத் தடை, எர்த் குழியின் தடை, ஆர்சிசிபி விழும் நேரம். அளவுகளைத் தேதியோடும் கையெழுத்தோடும் டிபி பாக்ஸின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். ஆண்டுதோறும் தடைக்காலத்தில், கூடம் காலியாக இருக்கும்போது, இதே சோதனையைத் திரும்பச் செய்வதாக எழுத்தில் தாருங்கள். இதே ஒப்பந்தக்காரர் இந்தக் கரையில் வேறு எந்த இறங்குதளத்தில் வேலை செய்திருந்தாலும், அங்கேயும் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். அந்த ஊர்களின் சங்கங்களுக்கும் சேதி சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர் அந்தக் குழாயின் மேல்தான் வடியும். மழைக்கு முன்பே முடித்தாக வேண்டும். சோதனைக்கு வரும் நாளைச் சங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். காலை ஏலம் முடிந்து கூடத்தைக் கழுவிவிட்ட பிறகு வைத்துக்கொண்டால், மீன் விற்கும் பெண்களும் இருந்து பார்ப்பார்கள். மெகர் என்னிடம் இருக்கிறது. எர்த் டெஸ்டரையும் ஆர்சிசிபி சோதிக்கும் கருவியையும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடலோர ஊரின் மின் கம்பியாளர் ஒருவர்